ஏற்பி மையத்து மணி

இன்டர்ஃபெரான் ஏற்பி உயராய்வு மையத்துக்கு இயக்குநர் உண்டு, இணை இயக்குநர் உண்டு. இவர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதால் ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் உண்டு. மாடியில் தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டக்காரர், கண்ணாடிக் கதவுக்குக் காவலாளி. நோயாளி மட்டும் ஒன்றே ஒன்று. நாலு வயசு, பெயர் அக்சிலியா. சூசையப்பர்துறையில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற ததேயுஸின் மகள். ஒரு நோயாளிக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று யாரோ கேட்டதற்கு, கல்யாணத்தில் பெண்ணும் ஒன்றுதானே, அதற்காகப் பந்தலைச் சின்னதாகவா போடுகிறோம் என்று இயக்குநர் டாக்டர் வைகுண்டராஜன் திருப்பிக் கேட்டாராம். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அந்த மையத்தில் எதற்கும் கைதட்டுவார்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டு விட்டது என்பதுதான் கதை.

பிள்ளைக்கு என்ன கேடு என்று கண்டுபிடித்தது வைகுண்டராஜன் அல்ல. அப்போது மையமும் இல்லை. தோவாளைக்குப் போகிற பாதையில் அந்தப் பழைய பெரியாஸ்பத்திரி மட்டும் இருந்தது. அங்கே குழந்தைகள் பிரிவில் டாக்டர் ஜெபகுமாரி என்றொருவர். மற்ற பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் மூக்கு ஒழுகும், இரண்டு நாள் சிணுங்கும், பிறகு எழுந்து ஓடிவிடும். அக்சிலியாவுக்குச் சளி பிடித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்த்தான் நிற்கும். அம்மை பிரிஜா வேண்டாத புனிதர் இல்லை. ஜெபகுமாரி ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பி, முடிவு வந்ததும் அப்பனையும் அம்மையையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க ஊர்ல கோயில் மணி நேரமல்லாத நேரத்துல அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"கையில இருக்கதப் போட்டுட்டு ஓடுவோம்" என்றான் ததேயுஸ்.

"எதுக்கு அடிக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டுட்டா ஓடுவாவ, டாக்டரம்மா? எவனுக்க வள்ளம் கவுந்துதுன்னு போனாத்தானே தெரியும்."

உடம்பும் அப்படித்தான் என்றார் ஜெபகுமாரி. கிருமி ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் அந்தச் செல் தேறுவது கடினம். ஆனால் தான் போவதற்குள் ஒரு மணியை அடித்துவிடும். அந்த மணிக்குத்தான் இன்டர்ஃபெரான் என்று பெயர். அக்கம்பக்கத்துச் செல்கள் மணியைக் கேட்டதும் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துத் தாழ்ப்பாள் போடும். கிருமி வீடு வீடாய்ப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும். மணியைக் கேட்க ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு காது உண்டு. அதுதான் ஏற்பி. அந்தக் காதைச் செய்யத் தெரியாத குறை ததேயுஸிடம் பாதி, பிரிஜாவிடம் பாதி. பாதி இருந்தால் ஒன்றும் செய்யாது. இரண்டு பாதியும் பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டன.

"அவ உடம்புல மணி நல்லா அடிக்குது. மத்த பிள்ளைங்களவிடச் சத்தமாவே அடிக்குது. கேக்கதுக்குத்தான் ஆளில்ல."

பிரிஜா அழுதாள். ததேயுஸ் காது வைக்க முடியுமா என்று கேட்டான். வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றிவைத்தால் தேறலாம், பொருந்துகிற ஆளும் அதற்கான பெரிய ஆஸ்பத்திரியும் கிடைக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை காய்ச்சல் தொட்டவுடனே கொண்டு வர வேண்டும். கிருமியை நேரடியாகத் தடுக்கிற மருந்தை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நரம்பில் ஏற்ற வேண்டும். மணியடிக்கிற ஊசி, அதாவது இன்டர்ஃபெரான் ஊசி, இவளுக்குப் பயனில்லை. காதில்லாத வீட்டுக்கு இன்னொரு மணி எதற்கு? அதுவரைக்கும் அவளுக்குக் காது நாமதான் என்று ஜெபகுமாரி சொன்னார். ததேயுஸ் அதை மறக்கவேயில்லை. அவனுக்கு அந்த வியாதி புரிந்த அளவுக்குப் பின்னால் வந்த மையம் புரியவில்லை.

ஜெபகுமாரி இதைக் கட்டுரையாக எழுதினார். துறைத்தலைவர் வைகுண்டராஜன் அதில் தன் பெயரை முதலில் போட்டார். கட்டுரை வெளிநாடு போயிற்று, திரும்பி வரும்போது கையோடு நிதியும் வந்தது. பழைய ஆஸ்பத்திரிக்கு அடுத்திருந்த தென்னந்தோப்பில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. அஸ்திவாரம் போட்ட மாதமே ஜெபகுமாரிக்குப் பொதுமக்கள் நலன் கருதி பேச்சிப்பாறைக்கு மாற்றல் வந்தது. அங்கே அவருக்குத் தனி அறையும் நல்ல காற்றும் கிடைத்தன. போன் மட்டும் அணைப்பக்கம் வந்து நின்றால்தான் கிடைக்கும்.

திறப்புவிழாவுக்குத் தோவாளைச் சந்தையில் அன்று பூ மிச்சமில்லை. வாசலில் ஓர் ஏற்பியைப் பூவிலேயே கட்டச் சொல்லியிருந்தார் வைகுண்டராஜன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாலை கட்டிப் பழகியவர்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சம்பங்கியில் ஒரு கையும் சிவப்பு அரளியில் ஒரு கையுமாக ஆளுயரத்துக்குக் கட்டிவைத்தார்கள். கேந்திப்பூவில் ஓர் உருண்டை. அது இன்டர்ஃபெரான். அமைச்சர் வந்து உருண்டையை இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்ததும் மையம் திறந்ததாகப் பொருள்.

கூட்டத்தில் பிள்ளையைக் காட்டவே கூடாது என்று ஜெபகுமாரி சொல்லியிருந்தார். ஆனால் பெண் இல்லாமல் கல்யாணமா? காலையிலேயே கார் அனுப்பி அழைத்து வந்தார்கள். முகம் தெரியவில்லை என்று படமெடுப்பவர் சொல்ல, ஒருங்கிணைப்பாளர் வந்து பிள்ளையின் முகக்கவசத்தைக் கழற்றினார். மேடையில் இருந்த எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். அமைச்சருக்கு அன்று நல்ல ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அக்சிலியா சிரித்தாள். அவளுக்குப் பூ பிடிக்கும்.

வாசல் மண்டபத்தில் ஒரு வெண்கல மணியும் தொங்கியது. மணியின் கதை ஜெபகுமாரியிடமிருந்து வைகுண்டராஜனுக்குப் போய், இப்போது அவருடைய சொந்தச் சரக்காகி மேடைக்கு வந்திருந்தது.

"ஒரு செல் ஆபத்தில் மணியடித்தால், பக்கத்துச் செல் கோப்பு எண் கேட்பதில்லை. மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை. உடனே செயல்படுகிறது! இந்த மையமும் ஓர் உயிருள்ள ஏற்பி. எந்தத் தாயும் எந்த நேரத்திலும் இந்த மணியை அடிக்கலாம். அடுத்த கணம் இந்தக் கட்டடமே எழுந்து நிற்கும்."

அமைச்சர் கயிற்றை இழுத்தார். மணி கணீரென்று அடித்தது. எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி கைதட்டினார்கள். மணிச் சத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மையம் அன்றுதான் படித்தது. படித்ததைப் பிறகு மறக்கவில்லை.

அமைச்சரின் ஜலதோஷம் அந்த வாரத்திலேயே பிள்ளைக்கு வந்தது. ததேயுஸ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மையத்துக்கு ஓடினான். செல் கேட்காத கோப்பு எண்ணை வரவேற்பறை கேட்டது. அவன் வெளியே வந்து மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். காவலாளி ஐயப்பன் ஓடிவந்து மணி நாக்கைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, விழா முடிஞ்சாச்சு. சும்மா அடிக்கப்பிடாது."

"மக்கா, பிள்ளைக்குக் காச்சலு. அடிக்கலாம்னு அன்னைக்குச் சாரு சொன்னாரே."

"அது பேச்சுல சொன்னதுல்லா" என்றான் ஐயப்பன். அவன் நல்லவன்தான். அவனுக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னான்.

இங்கே ஆராய்ச்சி மட்டும்தான், சிகிச்சைக்குப் பழைய கட்டடம் போங்கள் என்றது மையம். இது மையத்துப் பிள்ளை, நாங்கள் தொட்டால் எங்கள் வேலை போய்விடும் என்றது பழைய கட்டடம். வெளியே கேட்டுப் பார்த்த இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளும் வியாதியின் பெயரைச் சொன்னதுமே கைகழுவின. மையத்தின் குளிர்பெட்டி நிறைய ஊசி இருந்தது. எல்லாம் இன்டர்ஃபெரான். காது கேட்காதவளுக்காக ஊரிலுள்ள மணியையெல்லாம் வாங்கிக் குவித்திருந்தார்கள். கடைசியில் பிரிஜாவின் அழைப்பு எப்படியோ பேச்சிப்பாறையைத் தொட, ஜெபகுமாரி அணைக்கரையில் நின்று பழைய கட்டடத்து நர்சைப் போனிலேயே திட்டி மருந்து ஏற்றவைத்தார். பிள்ளை பிழைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாள் பத்திரிகையில், அபூர்வ நோய்க் குழந்தையை மீட்ட மையம் என்று செய்தி வந்தது. படத்தில் பூ ஏற்பியின் பக்கத்தில் வைகுண்டராஜன் நின்றார்.

நடந்ததை விசாரிக்கக் குழு போட்டார்கள். மருந்து ஏன் பிந்தியது என்பதை அல்ல, மணியை அனுமதியின்றி அடித்தது எப்படி என்பதை. மணி திறந்தவெளியில் இருப்பது ஆராய்ச்சிக்கு இடையூறு, அதை மாநாட்டு அரங்கத்துக்குள் மாற்றலாம் என்று குழு பரிந்துரைத்தது. கூடவே, பிள்ளைக்கு வேண்டிய மருந்து முழுவதையும் பழைய கட்டடத்திலிருந்து வாங்கி இனி மையமே வைத்துக்கொள்ளும் என்றும் முடிவாயிற்று. அதைக் கேட்டுத் ததேயுஸ் மனதாரக் கும்பிட்டான். அரிய மருந்து என்பதால் தனி அலமாரி, அலமாரிக்குப் பூட்டு, சாவி இயக்குநரிடம். அந்தக் கடைசிப் பகுதியை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமியார் விஷயத்தைச் சொன்னதும், சூசையப்பர்துறை முழுக்க எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. பிரிஜாவின் அண்ணன் மகன் ஜெனினுக்குப் பொருந்திவிட்டது. ஜெபகுமாரி விடுப்பெடுத்து அலைந்து, வெளிமாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இடமும் பிடித்துவிட்டார். மையம் சம்மதித்து ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

வைகுண்டராஜன் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ததேயுஸை நாற்காலியில் உட்காரவைத்து, சாயா கொடுத்து, மெதுவாகவே பேசினார்.

"யோசித்துப் பாருங்கள். உலகமே இந்தக் குழந்தையைப் பார்க்க வருகிறது. அடுத்த மாதம் பன்னாட்டு மாநாடு. அதற்கு முன்னால் குழந்தைக்குக் குணமாகிவிட்டால் நாங்கள் எதைக் காட்டுவது? மாநாடு முடியட்டும், நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உங்களைவிட எனக்கு அவள்மேல் அக்கறை அதிகம். உங்களுக்கு அவள் மகள் மட்டும்தான்."

ததேயுஸ் வீட்டுக்கு வந்து பிரிஜாவிடம் சொன்னான். மாநாடு முடியும் வரைக்கும் பிள்ளையை முற்றத்தில்கூட இறக்குவதில்லை என்றாள். அப்படியே செய்தாள். சாளை மீன் வாங்க வருகிறவர்களையும் வாசலுக்கு அப்பால் நிறுத்தினாள். இந்த ஒரு மாதத்தைத் தாண்டினால் போதும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே செபமாக இருந்தது.

மாநாட்டின் இரண்டாம் நாள் காலையில் அக்சிலியாவின் நெற்றி சுட்டது. உதட்டோரம் ஒரு சின்னக் கொப்புளம். ததேயுஸ் வலையைப் போட்டது போட்டபடி விட்டு, ஆட்டோ பிடித்தான். இந்தத் தடவை கவலையில்லை, மருந்து மையத்திலேயே இருக்கிறது என்று வழியெல்லாம் பிரிஜாவிடம் சொல்லிக்கொண்டே போனான்.

மையத்தில் ஆள் இல்லை. எல்லோரும் அரங்கத்தில். 'முதல் மணியைக் கேட்போம்' என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை. பயிற்சி மருத்துவர் ஒரு பெண் மட்டும் மேலே இருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்குப் பதறி வெப்ராளம் வந்துவிட்டது. மருந்து கண்ணாடி அலமாரிக்குள் தெரிந்தது. பூட்டும் தெரிந்தது. சாவி சாரிடம், சார் மேடையில், மேடையில் இருக்கும்போது போன் எடுக்கமாட்டார். மையத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடலாமென்றால், மாநாட்டை முன்னிட்டு அதில் இயக்குநர் தவிர யாரும் எழுத முடியாதபடி செய்திருந்தார்கள். கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று ததேயுஸ் கேட்டான். அந்தப் பெண் அலமாரியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள். என்னைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள் அண்ணே, நீங்கள் சாரைப் பார்த்தாலே கொடுத்துவிடுவார் என்று அழுதுவிடுகிற குரலில் சொன்னாள். அவன் நம்பினான். அதற்காக அவன் தன்னை மன்னித்துக்கொண்டதே இல்லை.

அரங்கத்தின் பின்கதவு வழியாக உள்ளே போனான். இருட்டில் நூற்றுக்கணக்கான தலைகள். திரையில் அவன் மகள். கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். ஆளை அடையாளம் தெரியக்கூடாதாம். பெற்றவனுக்குத் தெரியாதா? வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் திரைக்குக் கோல் நீட்டி, செல்கள் எவ்வளவு வேகமாக மணியைக் கேட்கின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசைக்குப் போகவிடாமல் தொண்டர்கள் தடுத்தார்கள். கழுத்தில் அட்டை இல்லாதவர்கள் பின்னால் நிற்க வேண்டுமாம்.

சுவரோரம் அந்த வெண்கல மணி தொங்கியது. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே இருக்க வேண்டிய ஐயப்பனை மதியச் சாப்பாட்டுக்கு இலை எண்ண அனுப்பியிருந்தார்கள். ததேயுஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

மணி அடித்ததும் பேராசிரியர் பாதி வாக்கியத்தில் நின்றார். "ஆக, ஒரு கணமும் தாமதியாமல்... மன்னிக்கவும், என் நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. நன்றி" என்று சொல்லி இறங்கினார். அரங்கம் கைதட்டியது.

பேச்சாளர்கள் நேரம் தெரியாமல் பேசித்தள்ளுவது முதல் நாள் பெரிய தலைவலியாகி, அன்று காலைதான் மணியடித்து நிறுத்துவதென்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இது ததேயுஸுக்கு எப்படித் தெரியும்? அவன் மறுபடி அடித்தான். அடுத்த பேச்சாளர் அப்போதுதான் கண்ணாடியை மாட்டி வணக்கம் சொல்லியிருந்தார். நான் இன்னும் தொடங்கவே இல்லையே என்றார். மணி மணிதான், ஒழுங்கு எல்லோருக்கும் பொது என்றார் அவைத்தலைவர். பேச்சாளர் முகம் சிவந்து இறங்கினார். அதற்கும் கைதட்டினார்கள். மூன்றாவது ஆள் ஏறினார். ததேயுஸ் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தான். கடலில் காற்று மாறி வள்ளம் கவிழும்போது அவன் ஊரில் எப்படி அடிப்பார்களோ அப்படி அடித்தான். மூன்றாவது ஆளும் இறங்கினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனுக்காவது கேட்காது. இவர்களுக்கு நன்றாகக் கேட்டது.

வைகுண்டராஜன் ஒலிவாங்கியைப் பிடித்து, வரலாற்றில் முதல்முறையாக ஒரு மாநாட்டின் காலை அமர்வு குறித்த நேரத்துக்கு முன்பாகவே முடிகிறது என்று பெருமைப்பட்டார். அப்போதுதான் மணிக்கருகில் நின்றவனைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"நண்பர்களே, நம் குழந்தையின் தந்தையே நம்மிடையே இருக்கிறார்!"

முன்பு தடுத்த தொண்டர்களே இப்போது கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். தேடி வந்த ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று ததேயுஸ் நினைத்தான். வைகுண்டராஜன் பொன்னாடையை எடுத்து அவன் தோளில் போட்டார். கேமராக்கள் மின்னின. ஒலிவாங்கியை அவன் வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

"சாரே, பிள்ளைக்குக் காச்சலு" என்றான் ததேயுஸ். அரங்கம் முழுக்க அவன் குரல் கேட்டது. "மேல கெடக்கா. மருந்து அலமாரிக்குள்ள இருக்கு. ஒரு எட்டு வந்து தொறந்து தரணும்."

வைகுண்டராஜன் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டீர்களா? காய்ச்சல்தான் முதல் அறிகுறி, உடனே மருந்து, அதுவும் எந்த மருந்து என்பதுவரை ஒரு மீனவருக்குத் தெரிந்திருக்கிறது! இந்த மையத்தின் விழிப்புணர்வுப் பணிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள் அவன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. வைகுண்டராஜன் அவன் காதருகே குனிந்து, வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மானத்தை வாங்காதீர்கள், சாப்பாடு முடிந்ததும் நானே வருகிறேன் என்றார். ததேயுஸ் அவர் காலைப் பிடித்தான். அதையும் படமெடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்தது. அவியல், எரிசேரி, இரண்டு பாயசம். அதற்குப் பிறகு குழுப்படம். அதற்கும் பிறகு சாவி வந்தது. அதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டிருந்தது. மருந்து ஏற்றினார்கள். பேச்சிப்பாறையிலிருந்து பஸ் பிடித்து ஜெபகுமாரி வந்து பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மணி எல்லா இடமும் பரவி அடிக்குது, ஒரு வீடும் அடைக்கல்ல என்று தனக்குத்தானே சொன்னார். மறுநாள் காலையில், மாநாட்டின் நிறைவு அமர்வு தொடங்குகிற நேரத்தில், அக்சிலியா போய்விட்டாள்.

ஆறுதல் சொல்ல வைகுண்டராஜன் வந்தார். கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. ஆராய்ச்சி நின்றுபோகக் கூடாது, பிள்ளையின் உடலிலிருந்து சில மாதிரிகள் எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும், மனிதகுலமே நன்றி சொல்லும்.

பிரிஜா மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "உயிரோட கெடந்தப்ப ஒங்களுக்கு அவளுக்க படம் போதும்னு இருந்து. இப்ப எலும்பு வேணுமா? போங்க சாரே. நான் வாய தொறந்தா கொள்ளாது."

சூசையப்பர்துறைக் கோயிலில் துக்கமணி அடித்தது. அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை.

மையத்துக்கு இப்போது ஒரு நோயாளியும் இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாநாட்டின் வெற்றியை வைத்து இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்தது, மாடிமேல் மாடி எழுந்தது. புது மாடிக்கு அக்சிலியா நினைவரங்கம் என்று பெயர். மணியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் வாசல் மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். திறப்புநாளில் தந்தையே மணியடிக்க வேண்டுமென்று கார் வந்தது. பிரிஜா வரமாட்டேன் என்றாள். நீங்களும் போகக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. எதற்குப் போகிறோம் என்று தெரியாமலேயே ததேயுஸ் வண்டியில் ஏறினான்.

மறுபடி தோவாளைப் பூ. மறுபடி சம்பங்கியில் ஒரு கை, அரளியில் ஒரு கை. வைகுண்டராஜன் கண்ணாடிக் கதவருகே நின்று பேசினார். "இந்தக் குழந்தை நமக்கு ஒரு பாடம் கற்றுத்தந்துவிட்டுப் போயிருக்கிறாள். மணியை அடித்தால் மட்டும் போதாது, கேட்கிறவர்கள் வேண்டும். இந்த மையம் கேட்டது, கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அவள் தந்தை ஒருமுறை மணியை ஒலிப்பார்."

ததேயுஸ் ஒருமுறை அடித்தான். கைதட்டினார்கள். இரண்டாம் முறை அடித்தான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை. கயிறு கையை அறுத்தது. வலை இழுத்துக் காய்த்த கை என்பதால் அது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கைதட்டியவர்கள் கை ஓய்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் பழைய ஆஸ்பத்திரித் திண்டில் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள். பிறகு கூடவே இருந்தவர்கள், மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றவர்கள். குலசேகரத்திலிருந்து அம்மையைக் கூட்டிவந்திருந்த ரப்பர் பால்வெட்டுக்காரன் ஒருவன், ஆட்டோக்காரர்கள், சாயாக்கடைக்காரர் கையில் டம்ளரோடு. பூவைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்த தோவாளைப் பெண்களும் ஓடிவந்தார்கள். என்ன ஏது என்று ஒருவருக்கும் தெரியாது. மணி அடித்தது, வந்தார்கள்.

கும்பல் வருவதைக் கண்டதும் வைகுண்டராஜன் ஐயப்பனைப் பார்த்துக் கதவைச் சாத்து என்றார். விருந்தினர்கள் உள்ளே நகர்ந்தார்கள். கண்ணாடிக் கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது. பக்கத்து ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல், மாடி ஜன்னல்கள் என்று ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே போயின. ஜெபகுமாரி சொன்னபடியே நடந்தது. மணி கேட்டுக் கதவடைக்க அந்தக் கட்டடத்துக்கும் தெரிந்துதான் இருந்தது. ததேயுஸ் வெளியே நின்றான்.

முதலில் ஓடிவந்தவள் மூச்சு வாங்க அவன் கையைப் பிடித்துக் கயிற்றிலிருந்து விடுவித்தாள்.

"யாருக்கண்ணே? என்ன ஆச்சு?"

"எனக்க பிள்ளைக்கு" என்றான் ததேயுஸ். "அவ போயாச்சு."

மணிக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதான். மகள் போனதிலிருந்து அவன் அழுதது அப்போதுதான். வந்தவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.